மூன்று நாள் அடுப்பு எரியாத வீடு

மத்தியான ழுஹர் பாங்கு சொல்லி முடிந்து எவ்வளவோ நேரமாகியும் அடுப்படியில் தேங்காய் திருவுகிற சத்தம் கேட்கவில்லை. ஸஃப்னா கட்டிலில் இடப்பக்கமாகச் சரிந்து படுத்தபடி காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு. எழும்பி நடமாடக் கூடாது என்று டொக்டர் சொன்னதிலிருந்து அவளுக்கு வீடு என்றால் சத்தமும் மணமும்தான். மாமி சட்டி விளிம்பில் அகப்பையைத் தட்டுவது, வெங்காயம் எண்ணெயில் விழுவது, களப்புப் பக்கமிருந்து வருகிற உப்புக் காற்றில் கிடுகு வேலி சரசரப்பது. இன்றைக்கு வேலி மட்டும் சரசரத்தது. ஒரு பொட்டு விறகுப் புகை வாசம்கூட இல்லை.

ஆனால் சோறு வந்தது. பக்கத்து வீட்டு சுல்பா ராத்தா தட்டத்தைத் துணியால் மூடிக் கொண்டுவந்து வைத்தா. அவ போக, இன்னொரு வீட்டிலிருந்து மீன் ஆணம். அதற்குப் பிறகு பள்ளிவாசல் ஒழுங்கையிலிருந்து ஒரு சட்டி பருப்பு. மூன்று வீட்டு மணமும் ஒன்றோடொன்று ஒட்டாமல் அறைக்குள் நின்றது.

"மாமி, ஏன் இண்டைக்கு ஆக்கல்ல?"

"காய்ச்சல் புள்ள." ஸஃப்னாவின் மாமி ஜுனைதா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றா. உள்ளே வரவில்லை. கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன. "நீ சாப்பிடு. வயித்துல இருக்கிறதுக்காகவாவது சாப்பிடு."

வயித்துல இருக்கிறது. நேற்று வரைக்கும் மாமியின் வாயில் அது 'என்ட பேரப்புள்ள'.

ஸஃப்னாவின் புருஷன் ஸுஹைப் வீட்டில் இல்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து கட்டின துணியோடு புத்தளத்துக்கு ஓடிவந்த குடும்பம் அது. சண்டை முடிந்து மூன்றாம் வருஷம், காடு மூடிக் கிடந்த வாப்பாவின் காணியை வெட்டித் துப்புரவாக்க என்று அவன் வண்ணாத்திவில்லுப் பாதையால் மோட்டார் சைக்கிளில் போய் இருபது நாளாகிறது. புள்ள பிறக்கும் முன்னே கிணற்றை இறைத்து ஒரு கொட்டில் போட்டுவிட்டு வாறன் என்று சொல்லிவிட்டுப் போனான். அடுப்பு மூட்டாத அந்த முதல் நாள் விடிய அவன் தம்பி லாபிரும் பள்ளிவாசல் ஆட்கள் மூன்று பேரும் வேன் பிடித்துக்கொண்டு அவனுக்குக் கை உதவிக்கு என்று போனார்கள். பாத்திஹா ஓதுகிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டே வேனில் ஏறினார்கள். காடு வெட்டப் போகிறவர்கள் கத்தி கோடரி எடுக்காமல் போனார்களே, என்ன மனிசரோ என்று ஜன்னலால் பார்த்த ஸஃப்னா நினைத்தாள்.

இரண்டாம் நாளும் அடுப்பு எரியவில்லை. மூன்றாம் நாளும் இல்லை. அவளுடைய போனில் சார்ஜ் நிற்கவில்லையாம், ஸுஹைபின் தங்கச்சி ஸபீனா கடையில் கொடுத்திருக்கிறாளாம். பெண்கள் வந்தார்கள். வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்கும், பிறகு ஒரு விம்மல், பிறகு யாரோ "ஸ்ஸ்" என்று அதட்டுவது, பிறகு ஒன்றுமே இல்லை. அவர்கள் அறைக்குள் வந்து ஸஃப்னாவின் தலையைத் தடவி, நெஞ்சோடு அணைத்து, விடமாட்டாமல் விட்டுவிட்டு, கடைசியில் எல்லாரும் ஒரே மாதிரி அவளுடைய வயிற்றைப் பார்த்தார்கள். சுல்பா ராத்தாவின் வீட்டிலிருந்து யாசீன் ஓதுகிற சத்தம் சுவரைத் தாண்டி மெல்லமாக வந்தது. யாருக்கு என்று கேட்டால், "கனமூலை ஊர்ல ஒரு வயசாளி" என்றாள் ஸபீனா. அந்த வயசாளியின் பேரைக் கேட்டபோது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

நாலாம் நாள் விடிய அடுப்பில் புகை எழுந்தது.

சாவு விழுந்த மையத்து வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டுவதில்லை. அக்கம்பக்கம்தான் சோறு கொடுக்கும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஸஃப்னா விரல்களை மடக்கி எண்ணினாள். சரியாக மூன்று.

ஸுஹைப். அல்லாஹ்வே, ஸுஹைப்! சுவரைப் பிடித்துப் பிடித்து அறை வாசலுக்கு வந்துவிட்டாள். லாபிர் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தான், காலெல்லாம் காய்ந்த சேறு.

"உங்கட நானா எங்க? உண்மையச் சொல்லுங்க லாபிர்."

அவன் மாமியைப் பார்த்தான். மாமி ஸபீனாவைப் பார்த்தா. பிறகு லாபிர் சிரித்தான். நல்ல சிரிப்பு, வாய் நிறைய. "நானாக்கு என்ன மச்சி? காட்டுக்குள்ள ராசா மாதிரி இருக்கிறார். அங்க சிக்னல் இல்ல. மரத்துல ஏறி நிண்டு மெசேஜ் மட்டும் அனுப்புறார்." போனை எடுத்து வாசித்தான். *கோபக்காரிக்கு சலாம். கிணத்துல தண்ணி ஊறுது. நேரத்துக்குச் சாப்பிடு.* ஸுஹைப் அவளைக் கோபக்காரி என்றுதான் கூப்பிடுவான். பிறகு லாபிர் பையிலிருந்து ஒரு போத்தல் காட்டுத்தேன் எடுத்துத் தந்தான், நானா தந்துவிட்டவர் என்று. ஸுஹைபின் பழைய சாரத் துண்டால் வாய் கட்டின போத்தல். அவனுடைய வியர்வை மணம்கூட அதில் இருந்தது.

ஸஃப்னா அந்தத் துண்டை முகத்தில் வைத்து அழுதாள். அல்ஹம்துலில்லாஹ், அவன் இருக்கிறான். அன்றைக்கு இரண்டு கோப்பை சோறு தின்றாள். மாமி அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டா.

பின்னேரம், அஸர் தாண்டி வெயில் சாய்ந்து ஜன்னல் கம்பியின் நிழல் அவள் வயிற்றின் மேல் ஏறி வந்தபோதுதான் அடுத்த கேள்வி வந்தது. ஸுஹைப் இருக்கிறான். மாமி இருக்கிறா, லாபிர் இருக்கிறான், ஸபீனா இருக்கிறாள். அப்படியென்றால் இந்த வீட்டில் மௌத்தானது யார்?

எல்லாரும் எதைப் பார்த்தார்கள்?

போன முறையும் இப்படித்தான். போன முறை எட்டாம் மாதம். ஸ்கேனில் புள்ளையின் இதயம் நின்றுவிட்டதென்று எல்லாருக்கும் சொன்னார்கள், அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. தாங்கமாட்டாள் என்று நினைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும் வரைக்கும் மூன்று நாள் எல்லாரும் சிரித்த முகத்தோடு அவளுக்கு மாதுளம்பழம் உரித்துக் கொடுத்தார்கள். அந்த மூன்று நாளும் அவள் ஒரு மையத்தைச் சுமந்துகொண்டு அதற்குப் பாட்டுப் பாடினாள். வயிற்றைத் தடவித் தடவிப் பேர் வைத்தாள். அந்தப் பேரை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. ஸுஹைப் அவள் காலடியில் இருந்து அழுதான். "இனி ஒண்டையும் ஒனக்கு மறைக்க மாட்டன். சத்தியமா."

அதனால்தான் வராமல் இருக்கிறான். வந்தால் சொல்ல வேண்டிவரும்.

ஒவ்வொன்றாகப் பொருந்திக்கொண்டு வந்தது. கேட்கலாம், ஒரே ஒரு வார்த்தை. ஆனால் மாமியின் வீங்கின கண்ணை நினைத்தாள். பாவம் மாமி, இவ்வளவு பாடுபட்டு மறைக்கிறா. கேட்டால் உடைந்து போவா. தெரியாதது போலவே இருப்போம் என்று ஸஃப்னா முடிவெடுத்தாள். அவர்கள் அவளுக்காகப் பேசாமல் இருந்தார்கள், அவள் அவர்களுக்காகப் பேசாமல் இருந்தாள். அந்த வீட்டில் அன்புக்கு ஒரு குறையும் இல்லை.

கிளினிக் நாளில் மாமி அவளைக் கதிரையில் இருத்திவிட்டு நர்ஸைத் தனியே கூட்டிப்போய்ச் சிங்களத்தில் கதைத்தா. ஸஃப்னாவுக்குச் சிங்களம் தெரியாது. கடைத்தெருவில் பொறுக்கின நாலு சொல்தான் தெரியும். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். "அனே... பவ்," என்றாள். ஐயோ பாவம். பிறகு "பபா" என்று ஏதோ கேட்டாள். பபா என்றால் குழந்தை. மாமி தலையை ஆட்டி, விரலை உதட்டில் வைத்துக் காட்டினா. திரும்பி வந்த நர்ஸ் ஸஃப்னாவின் தலையில் கை வைத்துத் தடவினாள். கண் நிறைந்திருந்தது.

"என்னவாம் மாமி?"

"ஒண்டுமில்ல மகள். எல்லாம் நல்லமாம். புள்ள நல்லா அசையுதாம்."

போன முறை சொன்ன அதே வசனம்.

அன்றிலிருந்து அது அசையும்போதெல்லாம் ஸஃப்னா மூச்சை அடக்கிக்கொண்டாள். அசைந்தது, உண்மைதான். வலப்பக்க விலாவின் கீழே ஒரு முட்டு, பிறகு நீண்ட ஒரு இழுப்பு, தோலுக்கு அடியில் எதுவோ சாவகாசமாகப் புரண்டு படுப்பதுபோல. போன முறையும் அந்த மூன்று நாள் அவளுக்கு அசைந்தது போலத்தானே இருந்தது? செத்தது எப்படி அசையும்? ஸுஹைப் மன்னாரிலிருந்து முதல் முறை வந்து சொன்னது நினைவு வந்தது. வாப்பாவின் வீட்டில் கூரை இல்லை, சுவர் பாதிதான், ஆனால் உள்ளே அடியெடுத்து வைத்தால் சரசரவென்று எத்தனை ஓடுகிறது தெரியுமா, பாம்பு, உடும்பு, பேர் தெரியாத என்னென்னவோ. "ஆளில்லாத வீடு சும்மா இருக்காது ஸஃப்னா," என்று சொன்னான். "ஏதாவது வந்து குடியிருக்கும்."

அவள் வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் கை வைக்கவே இல்லை.

எட்டாம் மாதம் போனது. லாபிர் மெசேஜ் வாசித்தான், ஸபீனா சிரித்தாள், மாமி மாதுளம்பழம் உரித்தா. வீடு சத்தம் குறைந்து குறைந்து, ஈ பறப்பது கேட்டது. சுவருக்கு அப்பால் யாராவது பேசத் தொடங்கி நிறுத்தினால் அது உள்ளே முட்டும். யாரும் பேசாவிட்டாலும் முட்டும். உடம்பிலிருந்து களப்புச் சேற்று வாசம் வருகிறதென்று அவளுக்குத் தோன்றியது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

ஒன்பதாம் மாதம் ஒரு பகல் நேரம் பிறந்தது. பெண்.

அழுதது. அது அழுகிறதே! எப்படி அழும்? நர்ஸ் அதை அவள் நெஞ்சில் வைத்தாள். சூடாக இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தது. கறுப்புக் கண். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு எல்லாம் மறந்து போனது. அல்லாஹ்வே, இது உயிரோடு இருக்கிறது, என்ட புள்ள உயிரோடு இருக்கிறது என்று நெஞ்சு கத்தியது. யாராவது சொல்லுங்களேன் என்று தலையைத் திருப்பி மாமியைப் பார்த்தாள். மாமி மட்டும் சிரித்திருந்தால் போதும்.

மாமி புள்ளையின் முகத்தைப் பார்த்தா. ஸுஹைபை உரித்து வைத்த முகம். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தா.

ஒருவர்கூட மாஷா அல்லாஹ் சொல்லவில்லை. ஒருவரும் இனிப்பு வாங்கி வரவில்லை. வாப்பா சொல்ல வேண்டிய பாங்கை லாபிர் வந்து புள்ளையின் காதில் சொன்னான். பாதியில் குரல் உடைந்து, முடிக்காமல் வெளியே ஓடினான். ஸுஹைப் வரவில்லை. பாதையில் வெள்ளமாம்.

சரி. தெரிந்ததுதானே.

மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்று அஸருக்குப் பிறகு வாசலில் பிளாஸ்டிக் கதிரைகள் இழுபடும் சத்தம். வரிசையாக. பெண்கள் வந்தார்கள், இந்த முறை நிறையப் பேர். எல்லாரும் தலையை மூடி, கையில் யாசீன் கிதாபு. மௌலவியின் குரலும் கேட்டது. "இனி மறைக்கிறது பாவம்," என்றார் அவர். "புள்ள பிறந்தாச்சு. இண்டைக்கே செய்யுங்க." மாமி விம்மிக்கொண்டே, "நானே செய்றன் மௌலவி. வேற ஒருத்தரும் வேணாம், நானே," என்றா.

ஸஃப்னா மடியில் கிடந்ததைப் பார்த்தாள். தூங்கிக்கொண்டிருந்தது. தூங்குவதுபோல இருந்தது.

கடைசியில் இதற்காகத்தான் வந்திருக்கிறார்கள். மாமி தன் கையால் இதைக் குளிப்பாட்டப் போகிறா. போன முறையும் மாமிதான் குளிப்பாட்டினா. பிறகு இரண்டு மாதம் மாமிக்குக் கை நடுக்கம் போகவில்லை, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கமுடியாமல் இருந்தா. இந்த முறை மாமிக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். எனக்காக எவ்வளவு நாள் சுமந்தா. நான் ஒரு நாள் சுமக்கிறேன்.

எழும்பிக் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டாள். மெல்லமாக, சத்தம் வராமல்.

புள்ளையைக் குளிப்பாட்டவென்று ஸபீனா பேசினில் வெந்நீர் வைத்துவிட்டுப் போயிருந்தாள். மையத்தைக் குளிப்பாட்டுவதற்கு ஸஃப்னா நிய்யத்து வைத்தாள். வலப்பக்கம் முதலில். பிறகு இடப்பக்கம். மூன்று முறை. தண்ணீர் பட்டதும் அது வீரிட்டு அழுதது. கால் உதைத்தது. "சரி, சரி," என்றாள் அவள். "கொஞ்ச நேரம்தான்." சின்ன விரல்கள் அவள் பெருவிரலைப் பிடித்தன. ஒவ்வொன்றாக விலக்கினாள். அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. பால் சுரந்து சட்டை நனைந்தது. எவ்வளவு அழகான பிள்ளை. எவ்வளவு அழகாயிருந்திருக்கும், உயிரோடிருந்தால்.

அலுமாரியில் புதுத் துணி இருந்தது. மூன்று துண்டு. முழு வெள்ளை.

கதவைத் தட்டினார்கள்.

"மகள், கதவத் திற. ஒண்டு சொல்லணும்."

"தெரியும் மாமி."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். மூணு நாள் அடுப்பு எரியல்லையே, அண்டைக்கே தெரியும். நீங்க அழாதீங்க. நானே குளிப்பாட்டிட்டன்."

"யார? யாரக் குளிப்பாட்டின?" மாமியின் குரல் கிறீச்சிட்டது. புள்ளையின் அழுகை துணிக்குள்ளிருந்து வந்தது. "மகள்! புள்ளய என்ன செய்ற? புள்ளைக்கு ஒண்டுமில்லடி, புள்ள உசிரோட இருக்கு! மௌத்தானது அவன். என்ட மகன். ஸுஹைப். ஆத்துக்குக் குறுக்கால இருக்கிற சப்பாத்துப் பாலத்துல வெள்ளம் அடிச்சிட்டுப் போயிட்டுது. ரெண்டு மாசத்துக்கு மேலாச்சு. அங்கயே அடக்கிட்டாங்க. உன்னத் தனிய விடக்கூடாதெண்டு நான் அவன்ட முகத்தக்கூடப் போய்ப் பாக்கல்ல, பெத்தவ நான் பாக்கல்ல மகள்..."

ஸஃப்னாவின் கை ஒரு கணம் நின்றது.

பிறகு அவளுக்கு மாமியின் மேல் இரக்கம் பொங்கிக்கொண்டு வந்தது. நல்லாயிருக்கிற மகனை, மரத்தில் ஏறி மெசேஜ் அனுப்புகிற மகனை, பெற்ற வாயாலேயே மௌத்து என்று சொல்கிறாவே. என் மனம் நோகக்கூடாது என்று, இந்தப் புள்ள உயிரோடிருக்கு என்று என்னை நம்பவைக்க, இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்கிறாவே. இப்படி ஒரு மாமி யாருக்குக் கிடைக்கும்?

"மாமி, இனி எனக்காகப் பொய் சொல்ல வேணாம்," என்றாள். "நான் தாங்குவன்."

கதவில் அடி விழுந்தது. லாபிரின் தோள். மரம் முனகியது. பெண்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மச்சி, உண்மை மச்சி, வல்லாஹி உண்மை. யாரோ ஜன்னல் பக்கம் ஓடினார்கள். இரண்டு மாதமாக ஊமையாகிக் கிடந்த வீடு முழுவதும் இப்போது பேசியது. ஒவ்வொருவரும் சத்தியம் செய்தார்கள். ஒவ்வொரு சத்தியத்தையும் ஸஃப்னா அன்போடு கேட்டாள். ஒன்றையும் நம்பவில்லை.

கால்மாட்டில் ஒரு முடிச்சு. நடுவில் ஒரு முடிச்சு.

மையத்தை வைப்பதுபோலப் பொட்டலத்தைக் கிப்லாத் திசை பார்க்கத் திருப்பி வைத்தாள். கடைசித் துண்டை முகத்தின் மேல் இழுத்துத் தலைமாட்டிலும் முடிந்தாள், இறுக்கமாக. அழுகைச் சத்தம் சின்னதாகியது.

வாய் இருக்கும் இடத்தில் வெள்ளைத் துணி உள்ளே குழிந்தது. வெளியே உப்பியது. உள்ளே குழிந்தது. ஸஃப்னா பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, அது அடங்குவதற்காகக் காத்திருந்தாள்.